எந்தப் பாதையால போற?

மட்டக்களப்பில் 'பாதை' எண்டால் ரோட்டு மட்டும் இல்லை. வாவியைக் கடக்கிற ஓடத்துக்கும் பாதை எண்டுதான் பேர். 'பாதை வந்திட்டா?', 'பாதை அங்கால கரையில நிக்குது' எண்டு நாங்கள் கதைக்கும்போது வெளியூர்க்காரருக்கு ஒண்டும் விளங்காது. பாதை எப்படி வரும், எப்படி நிக்கும் எண்டு யோசிப்பாங்க. ஆளையும் சைக்கிளையும் மோட்டர் சைக்கிளையும் நெல்லு மூட்டையையும் ஏத்திக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போற மிதவை அது. எங்களுக்கு வழியும் வாகனமும் ஒரே சொல்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளான நாங்கள் கணினி வலையமைப்புகளின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினது ஒரு சின்னக் கேள்வியில இருந்துதான். வாவிக்கு இந்தக் கரையில இருக்கிற ஒருத்தர் அந்தக் கரையில இருக்கிறவருக்கு கோல் எடுத்தால் அந்தக் குரல் எந்த வழியால போகுது? அதை ஆர் தீர்மானிக்கிற? தேடப் போனால் அது எழுபது வருஷக் கதையாக விரிந்தது. கதையின் ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களுக்கு வாவிதான் ஞாபகத்துக்கு வந்தது. அதனால் வாவியை வைத்தே அதைச் சொல்லுறம்.

முதலில் வரைபடம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். சூரியன் எழும்புகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. இரண்டையும் இணைக்கிற இடங்களை விரல் விட்டு எண்ணலாம். வடக்கே வவுணதீவுக்குப் போற வலையிறவுப் பாலம், பிறகு மண்முனை, அதுக்குத் தெற்கே குருக்கள்மடம் – அம்பிளாந்துறை பாதை, மறுகா களுவாஞ்சிகுடிப் பக்கம் பட்டிருப்புப் பாலம், இன்னும் தெற்கே குருமண்வெளி – மண்டூர் பாதை. மண்முனையில் 2014 வரைக்கும் பாதைதான் ஓடியது. அந்த வருஷம் யப்பானின் உதவியோடு பாலம் வந்தது.

ஒரு தாளில் ஊர்களைப் புள்ளிகளாகவும் பாலம், பாதை, ரோட்டுகளைக் கோடுகளாகவும் வரைந்தால் அதுதான் வலையமைப்பு. கொக்கட்டிச்சோலையில இருந்து டவுனுக்குப் போக எது 'சிறந்த' வழி? இந்தக் கேள்விக்கு மெஷினைப் பதில் சொல்ல வைத்ததுதான் கீழே வரும் வரலாறு.

ஒரு கோலுக்கு ஒரு கம்பி

பழைய டெலிபோன் காலத்தில் வழி தேடுவது மனிதர்களின் வேலை. எக்ஸ்சேஞ்சில் இருப்பவர் ஒரு கம்பியைப் பிடுங்கி இன்னொரு துளையில் செருகுவார். தூர ஊருக்கு எண்டால் ஒரு எக்ஸ்சேஞ்ச் அடுத்த எக்ஸ்சேஞ்சைக் கேட்டு, அது அதுக்கடுத்ததைக் கேட்டு, கடைசியில் முழு நீளத்துக்கும் ஒரு தொடர்பு கட்டப்படும். நீங்கள் கதைத்து முடிக்கும்வரை அது உங்களுக்கு மட்டும். ஒருவரும் கதைக்காமல் மௌனமாக இருந்தாலும் அந்தக் கம்பியை இன்னொருவர் பாவிக்க ஏலாது. பாதையை முழுசா ஒரு ஆள் வாடகைக்குப் பிடித்த மாதிரி.

இதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. நடுவில ஒரு பெரிய எக்ஸ்சேஞ்ச் அழிந்தால் அதுக்கூடாகப் போற எல்லாம் நிண்டுபோகும். அணுகுண்டுப் பயம் உச்சத்தில் இருந்த நாட்களில் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இருந்த போல் பாரன் இதைத்தான் யோசித்தார். 1964இல் வெளியான அவருடைய அறிக்கைகளின் சாரம் இதுதான்: நடு மையம் வேண்டாம், வலை மாதிரிப் பின்னுவம். செய்தியைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் கைக்குக் கை மாத்துவம். ஒரு முடிச்சு அறுந்தால் துண்டு வேற பக்கத்தால் கிறுகிப் போகட்டும். ஏடி அண்ட் டி டெலிபோன் கம்பனி இது சரிவராது எண்டு தள்ளிவிட்டது. கிட்டத்தட்ட அதே காலத்தில் பிரித்தானியாவில் டொனால்ட் டேவிஸ் தனியாக அதே முடிவுக்கு வந்தார். அந்தத் துண்டுக்கு 'பக்கெட்' எண்டு பேர் வைத்தது அவர்தான்.

முழு வழியையும் முதலே பிடித்து வைக்காவிட்டால் ஒவ்வொரு சந்தியிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். இந்தப் பக்கெட்டை எந்தப் பக்கம் தள்ளுறது? ரவுட்டிங் எண்ட முழுத் துறையும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கு.

கோப்பிக் கடையில் இருபது நிமிஷம்

விடையின் முக்கியமான பாதி வலையமைப்புகள் வருவதுக்கு முதலே தயாராக இருந்தது. 1956இல் அம்ஸ்ரடாமில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா எண்ட இளைஞர், புதிய கணினி ஒன்றின் திறமையைச் சாதாரண சனத்துக்கும் விளங்குகிற மாதிரிக் காட்ட ஒரு கணக்குத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டு ஊர்களுக்கு இடையில் மிகக் குறுகிய வழி எது? தன்னுடைய வருங்கால மனைவியோடு கடைக்குப் போய்க் களைத்து ஒரு கோப்பிக் கடையில் இருந்தபோது, தாளும் பேனையும் இல்லாமல் இருபது நிமிஷத்தில் அதைத் தீர்த்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். 1959இல் அது ஒரு சின்னக் கட்டுரையாக வெளிவந்தது.

முறை இவ்வளவுதான். நீங்கள் கொக்கட்டிச்சோலையில் நிக்கிறீங்க. நேராகப் போகக்கூடிய ஊர்களுக்கு எவ்வளவு நேரம் எண்டு எழுதுங்க. அதில் ஆகக் குறைஞ்சதை எடுத்து 'இது முடிவு' எண்டு குறிச்சிடுங்க; அந்த ஊருக்கு அதைவிடக் கெதியான வழி இனி இருக்க ஏலாது. மறுகா அந்த ஊருக்கூடாக அடுத்த ஊர்களுக்குப் போனால் முந்தி எழுதின நேரம் குறையுதா எண்டு பாருங்க. குறைஞ்சால் மாத்துங்க. எல்லா ஊரும் முடியும்வரை இதையே செய்யுங்க. இண்டைக்கு உங்கட போனில் வரைபடம் வழி காட்டும்போது உள்ளே ஓடுவதும் இந்த யோசனையின் வாரிசுகள்தான்.

ஆனால் இதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. முழு வரைபடமும் உங்கட கையில இருக்க வேண்டும்.

அயலவர் சொன்ன கதை

1969 ஒக்டோபர் 29 அன்று கலிபோர்னியாவில் இரண்டு கணினிகளுக்கு இடையில் ஆர்பாநெட்டின் முதல் செய்தி போனது. 'லொகின்' எண்டு அடிக்க முயன்று முதல் இரண்டு எழுத்தோடு மற்றப் பக்கத்துக் கணினி விழுந்துபோன கதை பிரபலமானது. ஆர்பாநெட்டின் ரவுட்டர்களிடம் முழு வரைபடம் இருக்கவில்லை. அவை அயலவரிடம் கேட்டு அறிந்தன. ஒவ்வொன்றும் 'இன்ன இடத்துக்கு என்னால இவ்வளவு நேரத்தில போகலாம்' எண்ட பட்டியலை ஒரு செக்கனுக்கும் குறைவான இடைவெளியில் பக்கத்தில் இருந்தவைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கு. மண்முனைப் பாதை ஓடின காலத்தை நினைச்சுக்கொள்ளுங்க. கொக்கட்டிச்சோலையில் நிக்கிறவர் 'நான் ஆரையம்பதிக்கு 20 நிமிஷத்தில போவன்' எண்டு சொல்லுவார். முதலைக்குடாவில் நிக்கிறவர் அதைக் கேட்டு 'அப்ப நான் 30 நிமிஷத்தில போவன்' எண்டு எழுதி வைப்பார். ஒருநாள் வெள்ளத்தில் பாதை நிக்குது. கொக்கட்டிச்சோலைக்காரர் வேற வழி தேடி முதலைக்குடாவைக் கேட்கிறார். அவரோ 'எனக்கு 30 நிமிஷம்' எண்டுறார். அந்த 30 தனக்கூடாகத்தான் எண்டு கேட்டவருக்குத் தெரியாது. அப்ப தனக்கு 40 எண்டு எழுதுறார். அதைக் கேட்டு மற்றவர் 50 எண்டு மாத்துறார். பிறகு 60, 70... இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பிக்கொண்டு இல்லாத பாதையை நோக்கி எண்ணிக்கொண்டே போவாங்க. பக்கெட் நடுவில இரண்டு ஊருக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல செய்தி கெதியாகப் பரவும், கெட்ட செய்தி மெதுவாகப் பரவும் எண்டு இந்த முறையைப் பற்றிப் பாடப்புத்தகங்களே எழுதுது.

இதுக்குப் பின்னாளில் இரண்டு வைத்தியம் செய்தார்கள். உன்னிடம் கேட்ட கதையை உன்னிடமே திருப்பிச் சொல்ல மாட்டன் எண்டது ஒண்டு. எண்ணுவதுக்கு ஒரு எல்லை வைப்பது மற்றது: 1988இல் தரப்படுத்தப்பட்ட 'ரிப்' எண்ட முறையில் 15 தாவலுக்கு மேல் போனால் அந்த இடத்துக்கு வழியே இல்லை எண்டு அர்த்தம்.

ஆர்பாநெட் 1979இல் வேறு முடிவு எடுத்தது. அயலவர் கதை வேண்டாம். ஒவ்வொரு ரவுட்டரும் தன்னோடு ஒட்டியிருக்கிற கோடுகளின் தாமதத்தை மட்டும் அளந்து எல்லாருக்கும் அறிவிக்கட்டும். மறுகா ஒவ்வொன்றும் முழு வரைபடத்தையும் தானே கட்டி, டைக்ஸ்ட்ராவின் கணக்கைத் தானே போடட்டும். இந்த வழியில் வளர்ந்ததுதான் 1989இல் வந்த ஓஎஸ்பிஎஃப். இண்டைக்கும் பெரிய நிறுவனங்களின் உள் வலையமைப்புகளில் அது ஓடுது.

தேரோட்ட நாள்

அதுக்குப் பிறகும் பிரச்சினை தீரவில்லை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் தேருக்கு எழுவான்கரைச் சனம் திரண்டு போற நாளை நினைச்சுப் பாருங்க. மண்முனையில் நெரிசல் எண்டு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியவந்தால் எல்லாரும் வலையிறவால் கிறுகுவாங்க. கொஞ்ச நேரத்தில் வலையிறவு நெரியும், மண்முனை வெறிச்சோடும். அந்தச் செய்தி பரவ, திரும்ப எல்லாரும் மண்முனைக்கு. இரண்டு வழியும் போதுமான அளவு அகலமாக இருந்தும் ஒருவரும் நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டாங்க.

ஆர்பாநெட்டில் எண்பதுகளில் இதுதான் நடந்தது. தாமதத்தை உண்மையாக அளந்து, எல்லாரும் அதுக்கு நேர்மையாக நடந்தபோது, சுமை கூடிய நேரங்களில் போக்குவரத்து ஒரு வழிக்கும் மற்ற வழிக்கும் அலைபாய்ந்தது. 1987இல் அளவுகோலையே மாத்தினார்கள். ஒரு வழி எவ்வளவு நெரிந்தாலும் அதன் 'விலை' ஒரு எல்லைக்கு மேல் ஏறாது. ஏறினாலும் படிப்படியாகத்தான் ஏறும். கொஞ்சப் பேர் மட்டும் விலகட்டும், மற்றாக்கள் நிக்கட்டும் எண்டது யோசனை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சிறந்ததைத் தேடினால் எல்லாருக்கும் மோசமானது கிடைக்கலாம் எண்டு மெஷின்களிடம் இருந்து படித்த பாடம் இது.

இரண்டு கரை, இரண்டு அதிகாரம்

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் ஒரே நிர்வாகத்துக்குள் நடந்த கதை. வலையமைப்புகள் பெருகி, ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கையில் இருந்தபோது கேள்வி மாறிப்போனது. எது கிட்ட எண்டது மட்டும் போதாது, ஆருடைய எல்லைக்குள்ளால் போறது எண்டும் பார்க்க வேண்டும்.

இதை எங்கட அம்மா அப்பாமாருக்கு விளக்கத் தேவையில்லை. 2007 வரைக்கும் படுவான்கரை பெரும்பாலும் புலிகளின் கட்டுப்பாட்டில், எழுவான்கரை அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில். வாவிதான் எல்லை. அந்தக் காலத்தில் 'எந்தப் பாதையால போற?' எண்டது தூரத்தைப் பற்றின கேள்வியே இல்லை. எந்த இடத்தில் செக்கிங், எந்தத் துறை இண்டைக்குத் திறந்திருக்கு, எந்த நேரத்துக்குப் பிறகு கடக்க ஏலாது எண்டு யோசித்துத்தான் சனம் வெளிக்கிட்டது. பக்கத்தில தெரியிற கரைக்குப் போகச் சுத்து வழி எடுத்தாங்க. கிட்ட இருந்த வழி சிறந்த வழியாக இருக்கவில்லை.

1989 சனவரியில் அமெரிக்காவின் ஒஸ்டின் நகரில் நடந்த ஒரு கூட்டத்தின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேர்க் லோஹீட், யாக்கோவ் ரெக்டர் எண்ட இரண்டு பொறியியலாளர்கள் கை துடைக்கிற தாள்களில் ஒரு திட்டத்தைக் கிறுக்கினார்கள். அதே வருஷம் யூன் மாதம் அது பிஜிபி எண்ட பேரில் ஆவணமானது. இண்டைக்கு முழு உலக இன்டர்நெட்டும் அந்தத் திட்டத்தின் வளர்ந்த வடிவத்தில்தான் நிக்குது. அதில் ஒவ்வொரு கம்பனியும், பல்கலைக்கழக வலையமைப்பும் ஒரு தன்னாட்சிப் பிரதேசம் மாதிரி. 'இந்த முகவரிகளுக்கு எனக்கூடாகப் போகலாம், நடுவில இன்னார் இன்னார் வருவாங்க' எண்டு அவை ஒன்றுக்கொன்று அறிவிக்கும்.

ஒரே இடத்துக்கு நாலு வழி அறிவிக்கப்பட்டால் எதைத் தெரிவு செய்யும்? பிஜிபி வழக்கமாக முதலில் பார்ப்பது தூரத்தை அல்ல, அந்த நிர்வாகத்தின் சொந்த விருப்பத்தை. எனக்குக் காசு தாற வாடிக்கையாளருக்கூடாகப் போற வழி முதல் விருப்பம். காசு கொடுக்காமல் வாங்காமல் இணைஞ்ச சமமானவருக்கூடாகப் போறது இரண்டாவது. நான் காசு கட்ட வேண்டியவருக்கூடாகப் போறது கடைசி. விருப்பம் சமமாக இருந்தால்தான் வழியில் எத்தனை பிரதேசம் எண்டு எண்ணும். அதாவது 'சிறந்த பாதை' எண்டதுக்குள் முதலில் இருப்பது வியாபாரம், பிறகுதான் புவியியல்.

பிஜிபி சொல்லை நம்புகிற அமைப்பும்கூட. 2008 பெப்ரவரி 24 அன்று பாகிஸ்தானில் யூடியூப்பைத் தடுக்கச் சொல்லி உத்தரவு வர, அங்குள்ள டெலிகொம் நிறுவனம் 'யூடியூப்புக்குப் போக இங்கால வாங்க' எண்டு தன் நாட்டுக்குள் மட்டும் பொய்யாக அறிவிக்க நினைத்தது. அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. யூடியூப் சொன்னதைவிட அது இன்னும் குறிப்பான முகவரியாக இருந்ததால் உலகத்தின் பெரும்பகுதி ரவுட்டர்கள் அதை நம்பின. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் யூடியூப் பெரும்பாலான இடங்களில் வேலை செய்யவில்லை. ஒரு நாட்டின் தணிக்கை, வழி தவறி உலகத் தணிக்கையானது.

ஒரு கோலின் பயணம்

இப்ப நாங்கள் தொடங்கின கேள்விக்கு வருவம். மண்டூரில் ஒருவர், குருமண்வெளியில் ஒருவர். நடுவில வாவி. ஒருவர் கோல் எடுக்கிறார்.

இங்கே இரண்டு தேடல் நடக்குது. முதலாவது: மற்றவர் இப்ப எங்க இருக்கிறார்? இதுக்காக 1999இல் வந்ததுதான் 'சிப்' எண்ட நெறிமுறை. 4ஜியில் போற கோல்கள் இதைத்தான் பாவிக்குது. உங்கட போன் 'நான் இங்க இருக்கிறன்' எண்டு ஒரு சேர்வரில் பதிந்து வைக்கும். கோல் வரும்போது சேர்வர்கள் ஒன்றையொன்று கேட்டு ஆளைக் கண்டுபிடிக்கும். எந்தச் சேர்வரைக் கேட்பது எண்டதுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலாவது விழுந்தால் இரண்டாவது. ஒரே வரிசையில் பல இருந்தால் இன்னதுக்கு இவ்வளவு பங்கு எண்டு பிரித்துக் கொடுக்கும்.

இரண்டாவது: ஆள் கிடைத்த பிறகு குரல் எந்த வழியால போகும்? அழைப்புச் செய்தி போன வழியாலேயே குரலும் போக வேண்டும் எண்டு சட்டம் இல்லை. சாதாரணமாக ஒரு குரல் அமர்வில் செக்கனுக்கு 50 பக்கெட் போகும். ஒரு பக்கம் கதைத்தது மற்றப் பக்கம் கேட்க 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது எண்டு சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் சொல்லுது. கூடினால் 'ஹலோ... ஹலோ... நீ சொல்லு... இல்ல நீ சொல்லு' எண்டு இரண்டு பேரும் முட்டிக்கொள்ளுவாங்க.

இதனால்தான் ஒரே தரத்தில் இரண்டு வழி இருந்தாலும் ஒரு அமர்வின் பக்கெட்டுகளை ரவுட்டர்கள் மாத்தி மாத்தி அனுப்பாது. அனுப்புகிறவர், பெறுகிறவர் முகவரிகளையும் தொடர்பின் இலக்கங்களையும் வைத்து ஒரு சின்னக் கணக்குப் போட்டு, விடை எந்த வழியோ அந்த அமர்வு முழுதும் அதிலேயே போகும். வேற அமர்வுக்கு வேற விடை வரும். ஒரு குடும்பம் முழுதும் ஒரே பாதையில் ஏறட்டும், அடுத்த குடும்பம் அடுத்ததில் வரட்டும் எண்ட மாதிரி. பிரிந்து ஏறினால் கரையில் ஆளை ஆள் காத்துக்கொண்டு நிக்க வேண்டிவரும். முழு வழியையும் பிடித்து வைக்கிற டெலிபோன் காலத்தை விட்டு விலகி வந்த தொழில்நுட்பம், ஒரு அமர்வுக்கு ஒரு வழி எண்டு பாதித் தூரம் திரும்பி வந்திருக்கு.

சரி, அந்தக் குரல் வாவியைக் கடக்குமா? இரண்டு பேரும் வேற வேற கம்பனி எண்டால், அந்த இரண்டு கம்பனியும் எங்க சந்திக்கின்றனவோ அங்க போய்த்தான் வர வேண்டும். சந்திக்கிற இடம் கொழும்பு எண்டால், பாதையில் கொஞ்ச நேரத்தில் கடக்கிற தண்ணியைத் தாண்ட அந்தக் குரல் 300 கிலோமீட்டருக்கு மேல் போய், அதேயளவு தூரம் திரும்பி வரும். ஒளியின் வேகத்தில் அது சில மில்லிசெக்கன்தான். நாங்கள் உணர மாட்டம். ஆனால் ஆர் ஆரோடு கதைச்சாலும் தலைநகரத்தைத் தொட்டுத்தான் கதைக்க வேண்டும் எண்ட வடிவம் தொழில்நுட்பத்தின் இயல்பில் இருந்து வந்தது இல்லை. பாரன் கேட்ட வலை அது இல்லை.

ஒரே ஒரு பாதை

இலங்கையில் இன்டர்நெட் பல்கலைக்கழகங்களில் இருந்துதான் தொடங்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியில் 1990 அளவில் மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கிய 'லேர்ன்' பிறகு பல்கலைக்கழகங்களை இணைக்கிற வலையமைப்பானது. கொரோனாக் காலத்தில் அதன் பெறுமதி எங்களுக்கு முந்தின பெட்ச் அக்காமார், அண்ணாமாருக்குத் தெரியும். லேர்னுக்கூடாகப் போற பல்கலைக்கழகச் சேர்வர்களுக்குப் போன் கம்பனிகள் டேட்டாக் காசு எடுக்கவில்லை. அதே விரிவுரை வேற இடத்தில இருந்தால் காசு. பக்கெட் எந்த வழியால போகுது எண்டது ஒரு பிள்ளை வகுப்புக்கு வருவதா விடுவதா எண்டதைத் தீர்மானித்த நாட்கள் அவை.

அதுக்கு முதல் 2004 ஓகஸ்டில் இன்னொரு பாடம் கிடைத்தது. இந்தியச் சரக்குக் கப்பல் ஒன்றின் நங்கூரம் கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சீ-மீ-வீ 3 கடலடிக் கேபிளை அறுத்தது. நாட்டின் வெளித்தொடர்பில் பெரும்பகுதி அந்த ஒரு கேபிளில் தொங்கியதால் இன்டர்நெட்டும் வெளிநாட்டுக் கோல்களும் முடங்கின. உலகத்திலேயே திறமான ரவுட்டரை வைத்திருந்தாலும் கோடு ஒண்டுதான் எண்டால் அது எதைத் தெரிவு செய்யும்? பிறகு 2005இல் சீ-மீ-வீ 4, 2006இல் தூத்துக்குடிக்கு ஒரு கேபிள், அதன் பின் மாத்தறையில் சீ-மீ-வீ 5 எண்டு கோடுகள் கூடின.

தெரிவு செய்யக் கோடே இல்லாமல் இருப்பதன் விலையை 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவில் கண்டம். குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் சனத்தை ஏத்திக்கொண்டுபோன மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்துபோனாங்க. அந்தக் காலையில் அந்தப் பிள்ளைகள் 'சிறந்த வழி' எண்டு எதையும் தெரிவு செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரத்துக்குப் போக அவர்கள் ஏறக்கூடியதாக இருந்தது அது ஒண்டுதான்.

டைக்ஸ்ட்ராவின் கணக்கு எந்த இடத்திலும் பிழை விடாது. ஆனால் கோடுகளுக்கு என்ன விலை எழுதுறது எண்டும், எந்தக் கோட்டை முதலில் வரையிறது எண்டும் அது சொல்லாது. அதை மனிதர்கள் எழுதுகிறார்கள்: பொறியியலாளர், கம்பனி, அமைச்சு, சில காலங்களில் துவக்கு வைத்திருந்தவர். இந்த இடத்தில்தான் கலைப்பீடத்துக்கும் வேலை இருக்கு எண்டு நாங்கள் நினைக்கிறம்.

குருமண்வெளித் துறையில் இண்டைக்கும் பாதை ஓடுது. அடுத்த முறை அதில் ஏறும்போது போனில் சிக்னல் இருந்தால் மறுகரையில் நிக்கிறவருக்கு ஒரு கோல் எடுத்துப் பாருங்க. உங்கட குரல் உங்களுக்கு முதலே போய்ச் சேர்ந்திடும். அது எந்தப் பாதையால போனது எண்டு ஒருக்கா யோசியுங்க.